வில்லின் வெள்ளைப் பக்கம்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி மாகிரட் என்ற பெயரோடு எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். ஆனால் 'பொலிஷ் மாகிரட்' ஒருத்திதான். அன்புவழிபுரத்தில் தன் வீட்டோடு சேர்த்து இறக்கிய தகரப் பத்தியில் இருந்துகொண்டு, ஊராரின் கதிரைகளையும் அலுமாரிகளையும் வயலின்களையும் அவள் கண்ணாடிபோல மினுக்கிக் கொடுத்தாள். கோயில் பாவசங்கீர்த்தனத் தொட்டியைக்கூட அவள்தான் மினுக்கினாள். அதற்குப் பிறகு பாவம் சொல்ல வருபவர்கள் தங்கள் முகத்தையே அதில் பார்த்துத் திடுக்கிட்டார்கள் என்று ஒரு பகிடி உண்டு.

அவள் தன் காலத்தில் பதினொரு பழைய மரவில்லுகளைச் செப்பனிட்டாள் என்று சொன்னால் நம்ப மறுப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கூத்துக்கு வளைத்துக் கட்டிய தடிகள் அல்ல அவை. வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகளும் அவர்களுடைய பெண்சாதிமாரும் பின்னேரங்களில் புல்வெளியில் நின்று வைக்கோல் இலக்கில் எய்து விளையாடிய ஆளுயர வில்லுகள். ஐம்பத்தேழில் அவர்கள் தளத்தை விட்டுப் போனபோது அவை ஏலத்தில் போயின. வாங்கியவர்கள் சிலர் அவற்றில் யன்னல் சீலை தொங்கவிட்டார்கள், சிலர் நுளம்பு வலை கட்டினார்கள். அப்படிக் கம்பாகிப் போனவற்றை மறுபடியும் வில்லாக்கியவள் மாகிரட். ஆனால் முதல் வில்லை அவள் எடுத்தவுடன் செப்பனிடவில்லை. நாசமாக்கினாள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

மாகிரட்டுக்கு ஒரு சாமானைக் கண்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. ஏழு வயதில் பெரியப்பாவின் மணிக்கூட்டைப் பிரித்துவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தாள். பதினேழு வயதில் கடற்படைத் தளத்தில் கொடி தைக்கும் வேலைக்குப் போனாள். பக்கத்து அறையில் தளபாடங்களுக்குப் பொலிஷ் போட்டார்கள். பலகை இடுக்கு வழியாக இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே கொடி தைத்தாள். ஒருநாள் பொலிஷ்காரர் காய்ச்சலில் படுத்துவிட, அவசரமாகக் கேட்கப்பட்ட ஒரு சாப்பாட்டு மேசையை யாரிடமும் சொல்லாமல் அவளே முடித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் ஊசியைத் தொடவில்லை.

கலியாணம் ஒன்றும் பேசி வந்ததுதான். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் கதிரைக் காலைத் தட்டிப் பார்த்து, "இது தேக்கு எண்டு ஆர் சொன்னது?" என்று மாப்பிள்ளையின் தகப்பனைக் கேட்டாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

எழுபத்துமூன்றாம் ஆண்டு பிறந்து இரண்டாம் நாள், மழைக்குள் ஒரு நீளப் பொதியைத் தோளில் சுமந்துகொண்டு ஹெக்டர் வந்தான். குடாவைக் கடந்து ஆட்களை ஏற்றியிறக்கும் மூதூர் லோஞ்சில் சுக்கான் பிடிப்பவன். முப்பத்தைந்து வயது, தேக்கிலே செதுக்கியது போன்ற கை, குழந்தை மனம்.

"மாகிரட் அக்கா, இந்தமுறை நேர்த்தி என்ர."

"கேள்விப்பட்டனான். சீலாவுக்கு இப்ப எப்பிடி?"

"எழும்பி நடக்கிறாள். நேற்று என்னை நல்லா ஏசினவள்."

"அப்ப சுகந்தான்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஹெக்டரின் கண் கலங்கியது. கார்த்திகை முழுவதும் அவனுடைய மனைவி சீலா நெருப்புக் காய்ச்சலில் கிடந்தாள். டொக்டர் கையை விரித்த நாளில், துறைமுகக் கரையில் இருந்த சிறிய செபஸ்தியார் கோயிலுக்கு ஓடிப்போய், அம்பு எய்வதாக அவன் நேர்ந்துகொண்டான்.

அந்தக் கோயிலுக்கு அது ஒரு தனி வழக்கம். வேதத்துக்காக அம்புபட்ட புனிதர் அல்லவா செபஸ்தியார்? வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் போகும்போது தன் வில்லைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடத்திலிருந்து, சனவரி இருபதாம் திகதி திருநாளன்று, நோயிலிருந்து மீண்டவர் வீட்டார் ஒருவர் அந்த வில்லால் இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி, தள்ளி நட்ட வாழைத்தண்டில் ஒரே ஒரு அம்பு எய்வார். அம்பு தைத்தால் நேர்த்தி நிறைவேறியது. விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்னொரு கட்டளையும் உண்டு: அந்த வருட நேர்த்திக்காரர்தான் வில்லைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். புதுப்பிப்பது என்றால் பெயின்ற் அடிப்பது. பதினைந்து வருடத்தில் பதினைந்து பூச்சு. வருடாவருடம் வளைக்கும்போது அது வெடித்துச் செதிலாகக் கழலும். அதன்மேல் அடுத்த பூச்சு.

"எனக்கு அப்பிடி மெழுகிவிட மனமில்லை அக்கா. மரம் தெரியிற மாதிரி, உங்கட கையால பொலிஷ் போட்டுத் தாங்கோ. அவளுக்காகச் செய்யிறது, வடிவாயிருக்கோணும்."

அவன் போனதும் மாகிரட் பொதியை அவிழ்த்தாள். பசிக்காரி சோற்றுப் பார்சலை அவிழ்ப்பதுபோல அவிழ்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

உடைந்த போத்தல் ஓட்டால் மெல்லச் சுரண்டத் தொடங்கினாள். மேலே வெள்ளி நிறம். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்தவனின் பூச்சு. அதற்குக் கீழே தபால்பெட்டிச் சிவப்பு. தபாற்காரர் மகனுக்கு அம்மை மாறிய வருடம். அதற்கும் கீழே றெயில் பெட்டியின் மண்ணிறம், ஆஸ்பத்திரிச் சுவரின் மங்கல் மஞ்சள், போர்க்கப்பல் சாம்பல், இறக்கக்கண்டி வள்ளமொன்றின் நீலம். அவரவர் வேலைத்தலத்தில் கிடைத்த பெயின்றைத்தான் அவரவர் அடித்திருந்தார்கள். எந்த வருடம் எந்த வீட்டில் யார் உயிர் பிழைத்தார் என்பதை மாகிரட் நிறத்தை வைத்தே கண்டுபிடித்தாள். கைபிடிக்கும் இடத்தின் உட்பக்கத்தில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு அந்தப் பூச்சுகளை அப்படியே விட்டாள். அவற்றைச் சுரண்ட அவளுக்கு மனம் வரவில்லை.

நான்காம் நாள் மரம் தெரிந்தது. மாகிரட் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வில்லின் உட்பக்கம், எய்பவரைப் பார்க்கும் பக்கம், தேன் கலந்த செம்மை. வெளிப்பக்கம் பால் வெள்ளை. இரண்டையும் ஒட்டியிருக்கிறார்களோ என்று கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். ஒட்டில்லை. ஒரே மரம். முதிரையா? அல்ல. பாலையா? இல்லவே இல்லை. மணந்து பார்த்தாள், நாக்கால் தொட்டும் பார்த்தாள். நுனிகளில் கறுப்பாக ஏதோ செருகியிருந்தது. அதில் ஒரு துகளை நெருப்பில் காட்டினாள். மயிர் கருகிய மணம் வந்தது. கொம்பு! மரத்துக்குக் கொம்பு முளைத்ததைக் கண்ட சந்தோஷத்தில் தனியே இருந்து சிரித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் விதி வந்து குந்தியது.

எங்கள் பக்கத்தில் மரவேலை தெரிந்த எவரும் வெள்ளையை விட்டுவைப்பதில்லை. நடுவில் இருக்கும் வைரம்தான் மரம். அதைச் சுற்றிய வெள்ளை உளுத்துப் போகும். பூச்சி முதலில் அதைத்தான் தின்னும். கதிரைக்காலில் ஒரு நூல் வெள்ளை தெரிந்தாலும் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 'இவ்வளவு அருமையான மரத்தில் இந்த வெள்ளைக்காரன் ஏன் வெள்ளையைச் சீவாமல் விட்டான்? சோம்பேறியோ?' என்று மாகிரட் யோசித்தாள். அந்த 'ஏன்' என்ற கேள்வியோடு இன்னொரு நாள் இருந்திருக்கலாம். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, பதில் தெரியும் என்று நினைத்துவிட்டாள். சீவுளியை எடுத்தாள். வெள்ளை முழுவதும் நீளச் சுருளாகக் கழன்று விழுந்தது. பார்க்க அழகாக இருந்ததால் ஒரு பிஸ்கட் தகரத்தில் அள்ளி வைத்தாள்.

பொலிஷுக்கு வேண்டிய அரக்குக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. பாணுக்கே வரிசையில் நிற்கும்போது அரக்குக்கு யாரிடம் போவது? பதினாறு வருடம் பொத்திப்பொத்தி வைத்திருந்த கடைசிப் போத்தலைத் திறந்தாள். ஈரக்காற்றில் பூசினால் பால்போல வெளிறிவிடும் என்பதால் வெயில் எட்டிப் பார்த்த மதியங்களில் மட்டும் பூசினாள். வில் செந்தேன் நிறத்தில் எரிந்தது. நாணைப் பூட்டினாள். எப்படி வளைகிறது என்று பார்க்க ஆசை வந்தது. இழுத்தாள்.

'டக்.'

சின்னச் சத்தம்தான். ஆனால் அது மாகிரட்டின் நெஞ்செலும்பில் விழுந்தது. வில்லின் வெளிப்பக்கத்தில் மரம் பிளந்து ஒரு சிலாம்பு விரலளவுக்குக் கிளம்பி நின்றது. இன்னும் ஒரு அங்குலம் இழுத்திருந்தால் வில் இரண்டாகியிருக்கும்.

நாற்பத்துநான்கு வயதுப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? ஏழு வயதில் மணிக்கூட்டுக்குச் செய்ததைச் செய்தாள். சீலையால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

அன்று பின்னேரம் ஹெக்டர் வந்தான். "பொலிஷ் காயேல்ல தம்பி" என்றாள். மறுநாளும் வந்தான். "மழை பார்" என்றாள். மூன்றாம் நாள் வந்தது ஹெக்டர் அல்ல, சீலா. தோலும் எலும்புமாக, குடையைப் பிடிக்கவும் பலமில்லாமல், ஒரு கோப்பையில் பலகாரத்தோடு வந்து நின்றாள்.

"அந்த மனுசன் நித்திரையிலயும் வில்லுத்தான் கதைக்கிறார். எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ அக்கா, தொட்டுப்பார்த்திட்டுப் போறன்."

மாகிரட் எவ்வளவோ பொய் யோசித்தாள். சாவின் வாசலைத் தொட்டு வந்த அந்த முகத்துக்கு முன்னால் ஒன்றும் வாயில் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்து வில்லை இழுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, ஏங்கி ஏங்கி அழுதாள்.

சீலா சிலாம்பை விரலால் தடவினாள்.

"அம்பு விழுந்தால் நானும் விழுந்துபோவன் எண்டுதான் அவர் நினைக்கிறார். எனக்கெண்டால் அந்தப் பயம் இல்லை. செபஸ்தியாருக்கு என்ர காய்ச்சலைத் திருப்பித் தாறதைவிட வேற வேலை இருக்கும்." பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆனால் அவருக்கு நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்."

மறுநாள் காலை மாகிரட் இறங்குதுறைக்குப் போனாள். ஏனோ தெரியவில்லை, பிஸ்கட் தகரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனாள். லோஞ்சில் இருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னாள். ஹெக்டர் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"என்ர பெண்சாதியின்ர உயிரை நீங்கள் சீவிப்போட்டியள் அக்கா."

லோஞ்சுக்குப் போய்ச் சுக்கானடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மாகிரட் நங்கூரக்கல்லில் இருந்து அழுதாள். அழுகைக்குள்ளும் விரல் சும்மா இருக்கவில்லை. தகரத்துக்குள் இருந்து ஒரு வெள்ளைச் சுருளை எடுத்து இழுத்தாள். அறவில்லை. இன்னும் இழுத்தாள். நூல்போல நின்றது. அடியில், சீவுளி ஆழமாய்ப் போன இடத்துச் சிவப்புச் சுருள்கள் சிலவும் கிடந்தன. ஒன்றை இழுத்ததும் பட்டென்று அறுந்தது. அழுகை நின்றுவிட்டது. இன்னொரு வெள்ளை, இன்னொரு சிவப்பு. அதே கதை.

பக்கத்தில் மூதூரில் இருந்து வந்த சுபைதா என்ற கூடைக்காரி, வழியில் நசுங்கிய கூடையொன்றுக்குப் புது மூங்கில் சிம்பு வைத்துக்கொண்டிருந்தாள். மாகிரட்டின் கண் அந்தக் கையில் போய் ஒட்டியது.

"ராத்தா, ஏன் தோலை வெளியால வெச்சு வளைக்கிறீங்கள்?"

"இதென்ன கேள்வி? அழுதுகொண்டிருந்த ஆள் கேட்கிற கேள்வியா இது?" சுபைதா சிரித்தாள். "தோல் உள்ளுக்குப் போனா முறியும் தங்கச்சி. வளையக்குள்ள வெளிப்பக்கம்தானே இழுபடுது. இழுபடத் தோலுக்குத்தான் ஏலும்."

மாகிரட் எழுந்து நின்றாள். வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நெரிபடுகிறது. இழுபடுவதற்கு வெள்ளை, நெரிபடுவதற்குச் சிவப்பு. சோம்பேறியல்ல அந்த வில்லுக்காரன். ஒரே மரத்தில் இரண்டு குணத்தைக் கண்டு, இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தவன். அவனுடைய கெட்டித்தனத்தை அவள் குப்பை என்று சீவி எறிந்திருக்கிறாள்.

"ராத்தா, முத்தின மூங்கில் காய்ஞ்சது இருக்குமோ?"

"என்ர குசினியில அடுப்புக்கு மேல ரெண்டு வருசமாப் புகை குடிச்சுக் கிடக்கு. உனக்கென்னத்துக்கு?"

"தாங்கோ. பிறகு சொல்றன்."

இப்படித்தான் அன்றைய மத்தியான லோஞ்சில், அவளைப் பார்க்கவே விரும்பாத மனிதன் சுக்கான் பிடிக்க, மாகிரட் மூதூருக்குப் போனாள். கொட்டியாரக் குடாவில் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. சுபைதா இரண்டுதரம் வாந்தியெடுத்தாள். மாகிரட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹெக்டரின் முதுகுக்குக் கதை சொன்னாள். வெள்ளைச் சுருள், செம்மரச் சுருள், மூங்கில் தோல், எல்லாவற்றையும் சொன்னாள். அந்த முதுகு அசையவில்லை. போகும்போதும் சொன்னாள், மூங்கிலோடு திரும்பும்போதும் சொன்னாள். துறைமுக வாயில் தெரியும்போது ஹெக்டர் திரும்பினான்.

"அப்ப சீவின இடத்தில மூங்கிலை ஒட்டினால்?"

"தோல் வெளியால. தோலில ஒரு கீறலும் படாமல்."

"என்ன பசை?"

"வச்சிரம் சரிவராது, ஈரத்தில இளகும். வள்ளத்துக்குப் போடுற தூள் பசை வேணும்."

சுக்கானைத் துறைமுகப் பக்கம் திருப்பினான். "அது நான் கொண்டு வாறன்."

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் மாகிரட்டுக்கும் வாந்தி வந்தது.

மூங்கிலின் உட்பக்கத்தை மட்டும் சீவித் தட்டையாக்கினாள். வில்லின் சிலாம்பை இழைத்துச் சமப்படுத்தினாள். ஹெக்டர் கொண்டுவந்த பசையைப் பூசி, பழைய சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டி, இருவருமாக நுனியிலிருந்து நுனிவரை இறுக்கிச் சுற்றினார்கள். ஆனால் சனவரி மழையில் பசை எப்படி இறுகும்? வழி சொன்னவள் சீலா. அவளுடைய தமையன் மைக்கல் பேக்கரி வைத்திருந்தான். பாண் சுடும் போறணைக்கு மேலே எப்போதும் இளஞ்சூடு. நான்கு நாள் வில் அங்கே கிடந்தது. பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்து, "என்ன மைக்கல், பாணுக்கு வாறவையை எய்யிறதுக்கோ?" என்று கேட்டார்கள்.

பிறகு மாகிரட் வில்லைச் சுவரில் ஒரு ஆணியில் கிடையாக வைத்து, நாணில் கயிறு கட்டிக் கப்பி வழியாக ஹெக்டரை இழுக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். எங்கே வளையாமல் முரண்டு பிடிக்கிறதோ அங்கே உட்பக்கத்தைப் போத்தல் ஓட்டால் இரண்டு சுரண்டு. மறுபடி இழு. மறுபடி பார். இரண்டு நாள் இதுவே வேலை. ஒருமுறைகூட 'டக்' கேட்கவில்லை. ஆனாலும் முழுதாக இழுக்க ஹெக்டர் சம்மதிக்கவில்லை. "திருநாளண்டைக்குத்தான்" என்றான். கடைசியாகப் போத்தலில் ஒட்டியிருந்த அரக்கை வழித்துச் செம்மரத்துக்கு ஒரு பூச்சுப் போட்டாள்.

திருநாள் பூசை முடிந்தபோது மழை விட்டிருந்தது. வாழைத்தண்டை நட்டார்கள். சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. கோயில் மூப்பர் இக்னேசியஸ் வில்லை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவருடைய நெற்றி சுருங்கியது.

"இதென்ன, முதுகில மூங்கில்? வேற மரம் ஒட்டின வில்லு நேர்த்திக்குச் செல்லுமோ?"

சனம் முணுமுணுத்தது. மாகிரட் முன்னால் வந்து கைபிடியைக் காட்டினாள்.

"மூப்பர் ஐயா, பதினைஞ்சு பேர் பெயின்ற் ஒட்டினது செல்லும் எண்டால் இதுவும் செல்லும். கைபிடியில பாருங்கோ, ஒருத்தரையும் நான் அழிக்கேல்ல. அதில உங்கட பூச்சும் கிடக்கு, அறுபத்திரண்டாம் ஆண்டுப் பச்சை."

மூப்பர் கைபிடியைக் கண்ணருகே கொண்டுபோனார். நிறங்களின் விளிம்பு மரவளையங்கள்போல வரிசையாகத் தெரிந்தது. அவருடைய விரல் பச்சையில் நின்றது. அந்த வருடம் பிழைத்தது அவருடைய தாய்.

"இது என்ர நேர்த்தி, ஐயா. விழுந்தால் என்ர தலையில. இந்த வில்லாலதான் எய்வன்" என்றான் ஹெக்டர்.

மூப்பர் வில்லை அவனிடம் நீட்டினார்.

ஹெக்டர் சிலுவை போட்டான். சீலா முன்வரிசையில் ஒரு கதிரையில் இருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள், 'என்னைப் பார்க்காதேங்கோ, வாழையைப் பாருங்கோ' என்று சைகை காட்டினாள். நாண் பின்னால் வந்தது. மார்பு வரை. தாடை வரை. இதுவரை இழுக்காத தூரம். சனமெல்லாம் அம்பின் முனையைப் பார்த்தது. மாகிரட் மட்டும் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள். அந்தச் சின்னச் சத்தத்துக்காக உடம்பெல்லாம் காத்திருந்தது.

நாண் தெறித்தது. எங்கோ தூரத்தில் ஈரமாக ஒரு 'சதக்'. சனம் ஆரவாரித்தது. வில்லில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

எல்லோரும் வாழைத்தண்டை நோக்கி ஓடினார்கள். அம்பு பாதி உள்ளே போயிருந்ததாகச் சொன்னார்கள். மாகிரட் அதைப் பார்க்கவேயில்லை. அவள் எதிர்ப்பக்கமாக ஓடி, முழந்தாளில் விழுந்து அழுதுகொண்டிருந்த ஹெக்டரின் கையில் இருந்து வில்லைப் பறித்து, மூங்கில் தோலை நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவினாள். ஒரு கீறலும் இல்லை.

"ஹெக்டர் தம்பி, எழும்பும். இன்னொருக்கா இழும் பாப்பம். நான் கண்ணை மூடிப்போட்டன், எப்பிடி வளைஞ்சதெண்டு பார்க்கேல்ல."

"ஒரு நேர்த்திக்கு ஒரு அம்புதான் அக்கா!"

"அம்பு வேண்டாம். சும்மா இழும்."

சீலா கதிரையில் இருந்து, காய்ச்சலுக்குப் பிறகு முதல்தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சும்மா இழுத்தான்.